படம் தெரியவில்லையா? ஃபார்மட் போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வீட்டுக் கணினியில் ஒரு புகைப்படம் தெரியவும், ஒரு வீடியோ தடங்காமல் ஓடவும் நான்கு வகை மென்பொருள்கள் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். அடியில் இருப்பது டிரைவர். கிராஃபிக்ஸ் சிப்போடு நேராகப் பேசத் தெரிந்தது அது ஒன்றுதான். அடுத்தவை டைரக்ட்எக்ஸ், ஓப்பன்ஜிஎல் போன்ற பொது நூலகங்கள். எந்த நிறுவனத்துச் சிப்பாக இருந்தாலும் ஒரே விதமாகப் படம் வரையச் சொல்லும் வசதியை இவை மற்ற மென்பொருள்களுக்குத் தருகின்றன. மூன்றாவது கோடெக், சுருக்கி வைத்த வீடியோவையும் ஒலியையும் விரித்துக் கொடுப்பது அதன் வேலை. கடைசியில்தான் கண்ணுக்குத் தெரிகிற பிளேயர், எடிட்டிங் மென்பொருள், விளையாட்டு எல்லாம். இந்த நான்கும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருகின்றன. வெவ்வேறு வேகத்தில் பழசாகின்றன. எது விடுபட்டாலும் திரையில் தெரியும் கோளாறு ஏறக்குறைய ஒன்றுதான்: கறுப்புக் கட்டம், படமில்லாமல் ஒலி, அல்லது புரியாத ஒரு பிழைச் செய்தி.

திருவாரூர்–மன்னார்குடி சாலையில் இருக்கும் கூத்தாநல்லூர் போன்ற ஊரில் இது சின்ன விஷயமில்லை. சுற்றுவட்டாரத்தில் 'சின்ன சிங்கப்பூர்' என்று பெயர் வாங்கிய ஊர் அது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பிழைக்கப் போனவர்கள் உள்ள குடும்பங்கள் அங்கே ஏராளம். அப்படிப்பட்ட வீட்டில் கணினியின் முக்கிய வேலை கணக்கு எழுதுவதோ விளையாடுவதோ ஆகாது. நிக்காஹ் வீடியோ, பேரப்பிள்ளையின் படங்கள், ஊருக்கு வர முடியாதவர் அனுப்பிய பேச்சு, மறைந்துபோனவரின் குரல் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. ஒருநாள் வீடியோ ஓடவில்லை என்று கணினியைக் கடைக்குத் தூக்கிப் போனால், பெரும்பாலும் கிடைக்கிற பதில் "ஃபார்மட் போட்டுடலாம்" என்பதுதான். ஃபார்மட் போட்டால் சில நேரம் சரியாவது உண்மை. புது விண்டோஸோடு டிரைவரும் புதிதாக ஏறுகிறது, அதனால் சரியாகிறது. ஆனால் நான்கில் ஒன்று மட்டும் விடுபட்டதற்காக வட்டு முழுவதையும் அழிப்பது தேவையற்றது. டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்த படங்கள் டெஸ்க்டாப்பிலும் டவுன்லோட்ஸிலும் கிடந்து, சி டிரைவோடு போய்விடுவதும் நடக்கிறது. எது விடுபட்டது என்று கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும்.

டிரைவரிலிருந்தே தொடங்கலாம். டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் தன்னிடமுள்ள ஒரு பொதுவான மாற்றைப் போட்டுச் சமாளிக்கும். டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்ற வரியை விரித்தால் அது 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று பெயர் காட்டும். அந்தப் பெயர் தெரிந்தால் நோய் பிடிபட்டுவிட்டது. திரையின் எழுத்துகள் பெரிதாக, மங்கலாக இருக்கும். லேப்டாப்பில் வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. யூடியூப் வீடியோ ஓடும்போது பிராசஸர் முழு வேகத்தில் சுற்றி, மின்விசிறி இரையும். இவை மூன்றும் ஒன்றாகத் தெரிந்தால் வேறெதையும் தேட வேண்டியதில்லை.

எந்த டிரைவர் வேண்டும் என்பதற்கான விடையும் அதே இடத்திலேயே இருக்கிறது. அந்தப் பெயரின் மேல் வலது கிளிக் செய்து, 'பிராப்பர்ட்டீஸ்', 'டீடெயில்ஸ்' போய், 'ஹார்ட்வேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தால் ஒரு நீண்ட குறியீடு வரும். அதில் 'விஇஎன்' என்ற மூன்று எழுத்துகளுக்குப் பின்னால் உள்ள எண்ணைப் பார்த்தால் போதும். 8086 என்றால் இன்டெல். 10டிஇ என்றால் என்விடியா. 1002 என்றால் ஏஎம்டி. பெட்டியைத் திறக்காமலே சிப் யாருடையது என்று தெரிந்துவிடுகிறது.

அதன் பிறகு டிரைவரை எங்கிருந்து எடுப்பது என்ற கேள்வி. முதலில் விண்டோஸ் அப்டேட். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்றொரு பக்கம் இருக்கிறது. பலரும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. விடுபட்ட டிரைவர் பெரும்பாலும் அங்கேதான் காத்திருக்கும். அதில் இல்லையென்றால், லேப்டாப்பாக இருந்தால் லேப்டாப் நிறுவனத்தின் தளத்துக்கும், கூட்டிச் சேர்த்த டெஸ்க்டாப்பாக இருந்தால் சிப் நிறுவனத்தின் தளத்துக்கும் போக வேண்டும். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உண்டு. லேப்டாப் தயாரிப்பவர்கள் திரை வெளிச்சம், சூடு, இரண்டு சிப்களுக்கு இடையே மாறுவது போன்றவற்றைத் தங்கள் மாடலுக்கேற்பத் திருத்தித் தருகிறார்கள். சிப் நிறுவனத்தின் பொது டிரைவர் ஏறிக்கொண்டாலும், அந்தத் திருத்தங்களில் ஏதாவது விட்டுப்போகலாம்.

'உங்கள் டிரைவர்கள் 27 பழசாகிவிட்டன' என்று மிரட்டும் 'டிரைவர் அப்டேட்டர்' வகை மென்பொருள்களைக் கிட்டவே சேர்க்கக் கூடாது. டிரைவர் என்பது இயங்குதளத்தின் உள்ளறை வரை போகும் உரிமை பெற்றது. நல்ல டிரைவருக்குப் பதிலாகப் பொருந்தாத ஒன்று ஏறினால் நீலத் திரையில் முடியும். கெட்ட நோக்கத்தோடு எழுதிய ஒன்று ஏறினால் ஆண்டிவைரஸால்கூடத் தடுக்க முடியாமல் போகலாம். மேலும், டிரைவர் பழசாக இருப்பதே ஒரு குறையில்லை. எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும் வீட்டுக் கணினியில் கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்ற இரண்டே காரணங்கள் போதுமானவை: பாதுகாப்புத் திருத்தம், அல்லது புதிதாகப் போட்ட மென்பொருள் அதைக் கேட்பது. மாற்றிய பின் திரை நடுங்கினாலோ மினுக்கினாலோ, டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' என்ற பொத்தான் பழையதைத் திரும்பக் கொண்டுவரும். திரை திடீரென்று கறுத்து நின்றால், கன்ட்ரோல், ஷிஃப்ட், விண்டோஸ், பி என்ற நான்கு விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். திறந்து வைத்த வேலை அப்படியே இருக்கும்.

சிப்புக்கும் வயதுண்டு. 2011ல் வந்த இன்டெல் இரண்டாம் தலைமுறை பிராசஸரில் உள்ள ஹெச்டி 3000 கிராஃபிக்ஸுக்கு விண்டோஸ் 10க்கென்று இன்டெல் டிரைவரே வெளியிடவில்லை. விண்டோஸ் 8 காலத்து டிரைவர்தான் இன்றுவரை அதைத் தாங்குகிறது. மலிவு விலையில் ஏராளமாக விற்ற என்விடியா ஜிடி 710 கார்டு கெப்ளர் தலைமுறையைச் சேர்ந்தது. அதற்கான டிரைவர் 470 வரிசையோடு நின்றுவிட்டது. ஹெச்டி 3000 போன்ற சிப்பில் புதிய மென்பொருள் ஒன்று 'ஓப்பன்ஜிஎல் 4.3 வேண்டும்' என்று சொல்லி நின்றால் எந்த அப்டேட்டாலும் அதைத் தீர்க்க முடியாது. முப்பரிமாணப் படம் வரையும் பிளெண்டர் மென்பொருள் 4.0 பதிப்பிலிருந்து அதைத்தான் கேட்கிறது. ஹெச்டி 3000 சிப் விண்டோஸில் 3.1க்கு மேல் போகாது. அதே மென்பொருளின் பழைய பதிப்பைத் தேடிப் போடுவது ஒன்றே வழி. பிளெண்டர் தன் பழைய பதிப்புகள் அனைத்தையும் தன் தளத்திலேயே வைத்திருக்கிறது.

அடுத்தது பொது நூலகங்கள். டைரக்ட்எக்ஸ் 1995ல் விண்டோஸ் 95க்காக வந்தது. இன்று தனியாக இறக்கிப் போட வேண்டிய பொருள் இல்லை அது. டைரக்ட்எக்ஸ் 12 விண்டோஸ் 10க்குள்ளேயே 2015ல் வந்துவிட்டது, புதுப்பிப்பதும் விண்டோஸ் அப்டேட்தான். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் அழுத்தி, ஆங்கிலத்தில் 'டிஎக்ஸ்டயாக்' என்று அடித்தால் எந்தப் பதிப்பு இருக்கிறது, சிப் எது, டிரைவரின் தேதி என்ன என்பதெல்லாம் ஒரே பெட்டியில் தெரியும். கணினியைக் கடைக்குக் கொண்டுபோகும் முன், அந்தப் பெட்டியைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஃபோனிலேயே ஆலோசனை சொல்லும் உறவுக்காரப் பையனுக்கும் அதுவே போதும்.

குழப்பம் வருவது பழைய விளையாட்டுகளில். 'டி3டிஎக்ஸ்9_43.டிஎல்எல் காணவில்லை' என்று ஒரு செய்தி வரும். டைரக்ட்எக்ஸ் 12 இருக்கும் கணினியில் 9ஆம் பதிப்பின் கோப்பு எப்படிக் காணாமல் போகும் என்று தோன்றும். டைரக்ட்எக்ஸ் 9 காலத்தில் விளையாட்டு எழுதுவோருக்காகத் துணை நூலகங்களை மைக்ரோசாஃப்ட் அவ்வப்போது எண் போட்டு வெளியிட்டு வந்தது. அவை விண்டோஸோடு வருவதில்லை. ஜூன் 2010ல் வெளியிட்ட தொகுப்போடு அந்த வரிசை முடிந்தது. அந்தத் தொகுப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து எடுத்து நிறுவினால், 12ஆம் பதிப்பைத் தொடாமல் விடுபட்ட கோப்புகளை மட்டும் சேர்த்துவிடும். 'எம்எஸ்விசிபி140 காணவில்லை' என்ற செய்தியும் இதே வகைதான். அது விஷுவல் சி++ ரன்டைம். 2005, 2008, 2010, 2012, 2013 என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உண்டு. 2015 முதல் 2022 வரையிலானவை ஒரே தொகுப்பாகிவிட்டன. கன்ட்ரோல் பேனலில் இந்தப் பெயர் பத்து முறை வருவதைப் பார்த்து, ஒரே பொருள் பத்து தடவை ஏறிவிட்டது என்று நினைத்து நீக்குபவர்கள் உண்டு. நீக்கக் கூடாது. ஒவ்வொன்றையும் நம்பி ஏதோ ஒரு மென்பொருள் இருக்கிறது.

காணாமல் போன கோப்பின் பெயரைத் தேடினால், அந்த ஒரே ஒரு கோப்பை மட்டும் இலவசமாகத் தருகிற தளங்கள்தான் முதலில் கண்ணில் படும். அங்கிருந்து எடுப்பது இரண்டு வகையில் தவறு. கோப்பு யார் கைபட்டு வந்தது என்று தெரியாது. தப்பான இடத்தில் போய் உட்காரும். 64 பிட் விண்டோஸில் 'சிஸ்டம்32' என்ற கோப்புறையில் இருப்பவை 64 பிட் கோப்புகள். 32 பிட் கோப்புகள் இருப்பது 'சிஸ்வாவ்64' என்ற கோப்புறையில். பெயருக்கு நேர் எதிராக இருக்கும் இந்த ஏற்பாடு தெரியாமல், 32 பிட் கோப்பை எடுத்து சிஸ்டம்32ல் போட்டுவிட்டுப் பலர் விழிக்கிறார்கள்.

கூத்தாநல்லூர் வீட்டு அலமாரிகளுக்கு நெருக்கமான பகுதி கோடெக்தான். 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கல்யாண வீடியோ விசிடியாக வந்தது. ஒரு தட்டில் ஏறக்குறைய 74 நிமிடம். மூன்று நான்கு தட்டுகள் சேர்ந்தால் ஒரு கல்யாணம். அதில் இருப்பது எம்பெக்-1 என்ற சுருக்கமுறை. நம் நாட்டு பால் முறையில் அகலம் 352, உயரம் 288 புள்ளிகள் மட்டுமே. பெரிய திரையில் கட்டம் கட்டமாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான், தட்டு பழுதானதால் இல்லை. 'எம்பெக்ஏவி' என்ற கோப்புறைக்குள் 'டாட்' என்று முடியும் பெரிய கோப்பாக வீடியோ இருக்கும். அதை வட்டுக்கு நகலெடுத்து விஎல்சி என்ற இலவச பிளேயரில் திறந்தால் ஓடும். பிறகு டிவிடி வந்தது. சுருக்கமுறை எம்பெக்-2, அளவு 720க்கு 576. விண்டோஸ் 7 ஹோம் பிரீமியத்தில் டிவிடி போட்டால் தானாக ஓடியது. 2012ல் விண்டோஸ் 8 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அந்த வசதியை எடுத்துவிட்டது. கணினியை மேம்படுத்திய பின் 'டிவிடி பழுதாகிவிட்டது' என்று நினைத்து, உயிரோடிருந்த தட்டுகளைத் தூக்கிப் போட்ட வீடுகள் எத்தனையோ. தட்டில் ஒன்றும் குறைவில்லை. விண்டோஸில்தான் கோடெக் போய்விட்டது. எழுதப்பட்ட தட்டுகளின் சாயப் படலம் வெயிலிலும் ஈரத்திலும் கெடக்கூடியது. காவிரி டெல்டாவில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. படிக்க முடிகிற நாளிலேயே அவற்றை இரண்டு இடங்களில் நகலெடுத்துவிடுவது, இந்தக் கட்டுரையில் சொல்லும் எல்லா வேலைகளையும்விட அவசரமானது.

இன்றைய சிக்கல் வேறு. 2017 செப்டம்பரில் ஐஓஎஸ் 11 வந்தபோது ஐபோன்கள் வீடியோவை ஹெச்இவிசி முறையிலும் படங்களை ஹெச்இஐசி முறையிலும் சேமிக்கத் தொடங்கின. இடம் பாதியாகக் குறையும் என்பது லாபம். அடுத்த மாதமே வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டில் ஹெச்இவிசி கோடெக் விண்டோஸின் உள்ளே இல்லை. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் தனியாக, சிறு தொகைக்கு வாங்க வேண்டிய பொருளாகிவிட்டது. பேட்டன்ட் கட்டணம்தான் இதற்குக் காரணம். சிங்கப்பூரிலிருந்து வந்த மகன் ஐபோனிலிருந்து நேராகக் கணினிக்கு மாற்றிய வீடியோ அதனால்தான் ஒலி மட்டும் வந்து கறுப்பாக நிற்கிறது. அதே வீடியோ வாட்ஸ்அப்பில் வந்தபோது ஓடியதே என்ற கேள்வி உடனே எழும். வாட்ஸ்அப் வீடியோவை அனுப்பும்போது ஹெச்.264 முறைக்கு மாற்றிச் சுருக்கிவிடுகிறது. 2003ல் வந்த அந்த முறையை எல்லாக் கணினியும் அறியும். 'டாக்குமெண்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் மாற்றாமல் மூலக் கோப்பையே அனுப்பும். தரம் குறையாது, ஆனால் கோடெக் இல்லாத கணினியில் ஓடாது. நல்ல நகல் வேண்டுமென்றால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லி, இங்கே கோடெக்கைப் போட்டுக்கொள்வதே சிறந்தது.

ஹெச்இஐசி படங்களுக்கு ஸ்டோரில் 'ஹெச்இஐஎஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்' இலவசமாகவே கிடைக்கிறது. அதை மட்டும் போட்டுவிட்டு, படம் இன்னும் திறக்கவில்லையே என்று பலர் நிற்கிறார்கள். ஹெச்இஐசி படத்துக்குள் இருப்பதும் ஹெச்இவிசி சுருக்கம்தான். ஆகவே வீடியோவுக்கான நீட்சியும் சேர்ந்தால்தான் படம் திறக்கும். இந்த வம்பே வேண்டாம் என்றால் ஐபோனில் செட்டிங்ஸ், கேமரா, ஃபார்மட்ஸ் போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று வைத்துவிடலாம். அன்று முதல் எடுப்பவை பழைய முறையில் சேமிக்கப்படும்.

கோடெக் இருந்தும் வீடியோ திக்கித் திக்கி ஓடினால் காரணம் சிப். ஹெச்இவிசியை விரிப்பது கனமான வேலை. 2015ல் வந்த இன்டெல் ஆறாம் தலைமுறை முதல் கிராஃபிக்ஸ் சிப்பே அந்த வேலையைச் செய்யும். அதற்கு முந்தையவற்றில் பிராசஸர்தான் சுமக்க வேண்டும், 4கே வீடியோ என்றால் தாங்காது. இப்போது யூடியூப் முதலியவை பயன்படுத்தும் ஏவி1 முறைக்கு 2020ல் வந்த பதினோராம் தலைமுறை வேண்டும். பழைய கணினி உள்ளவர்கள் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் வீடியோவை ஹெச்.264க்கு மாற்றிக்கொள்ளலாம். இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும். மூலக் கோப்பை மட்டும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

ஒருகாலத்தில் இதற்கெல்லாம் கோடெக் பேக்குகள்தான் மருந்து. கே-லைட் பேக் இல்லாத பிரௌசிங் சென்டரே இருந்திருக்காது. அன்று அவை தேவைப்பட்டன. டைரக்ட்ஷோ முறையில் வெளியிலிருந்து வரும் கோடெக்கைச் செருகினால்தான் விண்டோஸ் மீடியா பிளேயர் வீடியோவைத் திறக்கும். இரண்டு பேக்குகளைப் போட்டால் ஒன்றோடொன்று மோதி, முன்பு ஓடியதும் ஓடாமல் போகும். இன்று வீட்டுக் கணினிக்கு அவை தேவையில்லை. விஎல்சி தனக்கு வேண்டிய கோடெக்குகளைத் தனக்குள்ளேயே வைத்திருப்பதால் விண்டோஸில் எதையும் மாற்றாது, எதனோடும் மோதாது.

விஎல்சி 1996ல் பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் வேலையாகத் தொடங்கி, 2001ல் தளையறு மென்பொருளாக வெளிவந்தது. விளம்பரமில்லை, கட்டணமில்லை. அந்த மென்பொருளின் அதிகாரப்பூர்வத் தளம் 2022 பிப்ரவரி முதல் இந்தியாவில் முடக்கப்பட்டது. பல மாதங்கள் யாருக்கும் காரணம் சொல்லப்படவில்லை. அக்டோபரில், விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பு, இன்டர்நெட் ஃப்ரீடம் ஃபவுண்டேஷனின் உதவியோடு அரசுக்குச் சட்ட அறிவிப்பு அனுப்பிய பின், நவம்பரில் தடை நீங்கியது. அந்த ஒன்பது மாதங்களும் மென்பொருள் பயன்பாட்டுக்குத் தடையில்லை, மூலத் தளத்துக்குத்தான் தடை. அதனால் விஎல்சி தேடியவர்கள் எல்லோரும் வேறு தளங்களுக்குத் தள்ளப்பட்டார்கள். பாதுகாப்பின் பெயரால் செய்திருந்தால் விளைவு அதற்கு நேர்மாறானது. அந்த நாட்களில் கண்ட இடத்திலிருந்து எடுத்துப் போட்ட விஎல்சி இன்னும் கணினியில் இருந்தால், அதை நீக்கிவிட்டு மூலத் தளத்திலிருந்து புதிதாகப் போடுவது நல்லது. இறக்கிய கோப்பு உண்மையானதா என்று பார்க்க ஒரு எளிய வழி: அதன் மேல் வலது கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போனால் 'டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்' என்ற தாள் இருக்க வேண்டும், அதில் தயாரித்தவரின் பெயர் இருக்க வேண்டும். அந்தத் தாளே இல்லையென்றால் நிறுவாமல் விடுவது உத்தமம்.

அப்டேட்டே இனி கிடையாது என்று ஆகிவிட்டவை சில உண்டு. அவற்றை நீக்குவதுதான் வேலை. அடோபி ஃபிளாஷ் பிளேயர் 2020 டிசம்பர் 31ஓடு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் தானே ஓட மறுக்கிறது. விண்டோஸ் க்விக்டைமை ஆப்பிள் 2016ல் கைவிட்டது. திருத்தப்படாத ஓட்டைகள் இருப்பதால் நீக்கிவிடுமாறு அமெரிக்க அரசின் கணினிப் பாதுகாப்பு மையமே அறிவுறுத்தியது. சில்வர்லைட்டுக்கு 2021 அக்டோபரோடு ஆதரவு நின்றது. 'ஃபிளாஷ் பிளேயரை அப்டேட் செய்யவும்' என்று இன்று ஒரு பெட்டி திரையில் வந்தால் அது மோசடி, விதிவிலக்கே கிடையாது. பழைய ஃபிளாஷ் பாடங்களும் விளையாட்டுகளும் வேண்டியவர்களுக்கு ரஃபிள் என்ற மாற்று இருக்கிறது. அது ஃபிளாஷைப் போடாமலே அந்தக் கோப்புகளில் பலவற்றை ஓட்டுகிறது.

திரையில் தமிழ் ஒழுங்காகத் தெரிவதும் இதே குடும்பத்துச் சிக்கல். தமிழை முதலில் அறிந்தது விண்டோஸ் 2000 பதிப்புதான். லதா எழுத்துரு அதோடு வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் வசதி இருந்தும் தானாக இயங்கவில்லை. ரீஜனல் செட்டிங்கில் ஒரு கட்டத்தில் டிக் போட்டு, எக்ஸ்பி குறுந்தட்டையும் செருகினால்தான் கொம்பும் காலும் தத்தம் இடத்தில் வந்து நின்றன. இன்று அந்தப் பாடு இல்லை. என்றாலும் விண்டோஸ் 10 லதாவையும் விஜயாவையும் விருப்பத் தேர்வாக்கிவிட்டது. நிர்மலா மட்டுமே உடன் வருகிறது. லதாவில் தலைப்பு போட்டு வைத்த பழைய ஆல்பங்களும் வீடியோ புராஜெக்டுகளும் புதுக் கணினியில் வேறு எழுத்தில் திறந்து, வரிகள் கட்டத்தை மீறி வழிவதற்கு இதுதான் காரணம். 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' பக்கத்தில் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்று தேடி நிறுவினால் இரண்டும் திரும்பி வரும்.

ஃபோட்டோஷாப்பில் யூனிகோட் தமிழ் சிதறினால் எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. 'பிரிஃபரன்சஸ்' உள்ளே 'டைப்' பக்கத்தில் எழுத்து இயந்திரத்தை 'மிடில் ஈஸ்டர்ன் அண்டு சவுத் ஏசியன்' என்று மாற்ற வேண்டும். புதிய பதிப்புகளில் அது 'வேர்ல்டு-ரெடி லேஅவுட்' என்ற பெயரில் இருக்கிறது. இது தெரியாததால்தான் ஃப்ளெக்ஸ் கடைகளிலும் கல்யாணப் பத்திரிகை அச்சிடும் இடங்களிலும் யூனிகோடுக்கு முந்திய எழுத்துருக்கள் இன்னும் கோலோச்சுகின்றன. கிம்ப், இங்க்ஸ்கேப் ஆகிய இலவச மென்பொருள்களில் அந்த மாற்றமே தேவையில்லை, தமிழ் தொடக்கத்திலிருந்தே சரியாக வரும். திருட்டு ஃபோட்டோஷாப்பை அப்டேட் செய்ய முடியாது; செய்தால் பூட்டு விழும் என்ற பயத்தில் கணினியின் பாதுகாப்பையே அணைத்து வைப்பார்கள். குடும்பப் படங்கள் இருக்கும் கணினியில் அந்த ஆபத்து வேண்டவே வேண்டாம்.

2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு பிளஸ் டூ, கல்லூரி மாணவர்களுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகள் டெல்டாவில் பல வீடுகளில் கிடக்கின்றன. தொடக்கக் காலத்துக் கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. பெரும்பாலானோர் விண்டோஸை மட்டும் வைத்துக்கொண்டு லினக்ஸை அழித்தார்கள். இப்போது நிலைமை திரும்பிவிட்டது. விண்டோஸ் 7க்கு ஆதரவு 2020 ஜனவரியில் நின்றது, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ல். லினக்ஸிலோ இன்டெல், ஏஎம்டி சிப்களுக்குத் தனியே டிரைவர் இறக்க வேண்டியதில்லை; ஒரு பாதி கெர்னலிலும், மறுபாதி மெசா என்ற தொகுப்பிலும் இருக்கிறது. பிரையன் பால் 1993ல் தொடங்கிய மெசா, இன்டெல் கைகழுவிய பழைய சிப்களுக்கு 2021ல் 'க்ரோகஸ்' என்ற புதிய டிரைவரையே சேர்த்தது. இரண்டு ஜிபி நினைவகம் உள்ள அந்தப் பழைய கணினியில் எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான திரையோடு டெபியன் போட்டால், பழைய கல்யாண வீடியோக்களைப் பார்க்கவும் படங்களை அடுக்கவும் அது இன்னும் உதவும். டிரைவர், நூலகம், கோடெக், பிளேயர் நான்கையும் ஒரே கட்டளை புதுப்பிக்கிறது. எல்லாம் ஒரே இடத்திலிருந்து, கையெழுத்துச் சரிபார்த்து வருகின்றன. என்விடியா சிப் இருந்தால் மட்டும் கூடுதல் வேலை உண்டு.

விண்டோஸிலும் இதற்கு நெருங்கிய வசதி ஒன்று 2021ல் வந்தது: விங்கெட். கட்டளைப் பெட்டியைத் திறந்து 'விங்கெட் அப்கிரேட்' என்று ஆங்கிலத்தில் அடித்தால், விஎல்சி முதல் கிம்ப் வரை எவை பழசானவை என்று பட்டியலிடும். கோப்புகளைப் பெரும்பாலும் தயாரித்தவரின் முகவரியிலிருந்தே எடுத்து, இடையில் மாறவில்லை என்று சரிபார்த்த பிறகே நிறுவும். 'அப்டேட் வந்திருக்கிறது' என்று வலைப்பக்கங்களில் முளைக்கும் பெட்டிகளை இனி யாரும் தொடத் தேவையில்லை.

வேலையைச் செய்யும் வரிசையும் முக்கியம். முதலில் படங்களையும் வீடியோக்களையும் வெளி வட்டுக்கு நகலெடுக்க வேண்டும். அடுத்து 'சிஸ்டம் புரொடெக்‌ஷன்' இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்து ஒரு மீட்புப் புள்ளியை உருவாக்க வேண்டும். பல கணினிகளில் அது அணைந்தே கிடக்கும். பிறகு விண்டோஸ் அப்டேட், அதில் இனி ஒன்றுமில்லை என்று சொல்லும் வரை. அதன் பின்தான் டிரைவர், ரன்டைம்கள், பிளேயர், கடைசியாக ஸ்டோரிலிருந்து கோடெக் நீட்சிகள். ஒவ்வொன்றுக்கும் பிறகு கணினியை ஒருமுறை மறுபடி தொடங்கி, ஓடாமலிருந்த அதே வீடியோவைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓடிவிட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஐந்தையும் மொத்தமாகப் போட்டால், எது குணமாக்கியது, எது கெடுத்தது என்று தெரியாது.

கிராஃபிக்ஸ் டிரைவர் கோப்பு சில நேரம் ஒரு ஜிபியை நெருங்கும். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்திருப்பவர்கள் அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்து வைத்தால், விண்டோஸ் தானாகப் பெரிய கோப்புகளை இறக்காது. வேண்டிய நாளில் குறியை எடுத்துவிடலாம். மின்சாரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2012ன் நீண்ட மின்வெட்டுக் காலம் போய்விட்டாலும், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் டெல்டாவில் கரண்டை நம்ப முடியாது. 2018 நவம்பர் 16ல் கஜா புயல் கரை கடந்த பின் திருவாரூர் மாவட்டத்தில் பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் இருந்தன. டிரைவர் ஏறும்போது கரண்ட் போனால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்; கணினி பேசிக் டிஸ்ப்ளேயில் திறக்கும், மறுபடி நிறுவலாம். ஆனால் மதர்போர்டுக்குள்ளேயே இருக்கும் பயாஸ் என்ற மென்பொருளின் அப்டேட் நடுவில் நின்றால் மதர்போர்டே முடங்கிவிடலாம். லேப்டாப் நிறுவனத்தின் அப்டேட் கருவி இரண்டையும் ஒரே பட்டியலில் காட்டி, எல்லாவற்றையும் நிறுவவா என்று கேட்கும். பயாஸுக்கு எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டு மற்றவற்றை நிறுவலாம். பயாஸ் தேவைப்பட்டால், டெஸ்க்டாப்பில் யுபிஎஸ் இருக்கும்போதும், லேப்டாப்பில் பேட்டரி நிறைந்து சார்ஜரும் செருகியிருக்கும்போதும் மட்டுமே அதைத் தொட வேண்டும்.